ஆக்டேவியா 1.9 டிடிஐ-யில் ஆடி டிடி கேலிப்பர்: பொருந்துமா, பலன் உண்டா?

கோத்தகிரி_இறக்கம் | கோயம்புத்தூர்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2005 ஸ்கோடா ஆக்டேவியா, 1.9 டிடிஐ டீசல், மேனுவல், 15 இன்ச் அலாய். மாமனார் வீடு கோத்தகிரி. மாதம் தவறாமல் ஏறி இறங்குகிறோம். இறங்கும்போது ஐந்து பேர், டிக்கி நிறைய கேரட்டும் பீட்ரூட்டும். அரவேணு தாண்டும்வரை ஒன்றும் தெரியாது. குஞ்சப்பனை வருவதற்குள் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது, கருகல் வாடையும் அடிக்கிறது. ஓரம் கட்டி அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகிறது. முன் டிஸ்க், பேட் எல்லாம் போன வருடம்தான் மாற்றினேன்.

உக்கடத்தில் ஒரு பழைய பாகக் கடையில் ஆடி டிடி-யில் கழற்றியது என்று முன் கேலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ஒரு ஜோடி இருக்கிறது. இருபதாயிரம் சொல்கிறார், பேசினால் குறையும். ஆக்டேவியாவும் டிடி-யும் ஒரே தளம் (பிளாட்ஃபார்ம்), அப்படியே போல்ட் போட்டால் உட்காரும் என்கிறார்.

என் கேள்விகள்: நிஜமாகவே அப்படியே உட்காருமா? பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் மாற்ற வேண்டுமா? 15 இன்ச் வீல் போதுமா? யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.

பத்து_எம்எம்_ஸ்பானர் | சென்னை

பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

கோத்தகிரி_இறக்கம்

தெரியாது அண்ணா. வண்டியை செகண்ட்ஸில்தான் வாங்கினேன். மூடியைத் திறந்து பார்த்தேன், டீ டிகாஷன் நிறத்தில் இருக்கிறது.

பத்து_எம்எம்_ஸ்பானர் | சென்னை

அப்போ கேலிப்பர் பேச்சைக் கொஞ்சம் ஒத்திவைப்போம்.

சூட்டில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். ஒன்று, பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அது பேட் சூடேறி உராய்வை இழப்பது. இன்னொன்று, பெடல் மெத்தென்று கீழே இறங்கும், இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தால் கொஞ்சம் மேலே வரும். அது ஆயில் கேலிப்பருக்குள் கொதித்து ஆவிக் குமிழி ஆவது. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். அரை மணி நேரம் ஆறினால் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும், பெடலும் பழையபடி வந்துவிடும். நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான். கருகல் வாடை பேட்டிலிருந்து வருவது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கான அளவு 155 டிகிரி. டாட் 3 என்றால் 205, 140. டாட் 5.1 என்றால் 260, 180. உங்கள் டிகாஷன் எந்த டிகிரியில் கொதிக்கும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இன்னொன்று. 5.1 வேறு, 5 வேறு. டாட் 5 சிலிக்கான் ஆயில், அதை இதில் ஊற்றவே கூடாது. கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு லிட்டர் நல்ல டாட் 4 வாங்கி நாலு வீலிலும் பழையது முழுக்க வெளியே வரும்வரை தள்ளுங்கள். அப்புறம் ஒரு முறை கோத்தகிரி போய்வந்து இங்கே எழுதுங்கள். இருபதாயிரம் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

மஞ்சள்_கேலிப்பர் | திருப்பூர்

ஆயில் மாற்றுங்கள், சரி. ஆனால் பெரிய பிரேக் பெரிய பிரேக்தான் ப்ரோ. என் நண்பன் வண்டியில் பெரிய டிஸ்க் போட்டான், தொட்டாலே நிற்கிறது. 100-லிருந்து நிற்கும் தூரம் பாதியாகிவிட்டது என்கிறான்.

இயற்பியல்_வாத்தியார் | ஈரோடு

பாதியெல்லாம் ஆகாது தம்பி. வண்டியை நிறுத்துவது ரோட்டைப் பிடிக்கும் டயர். இப்போதைய பிரேக்கே, வீல் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸைத் துடிக்க வைக்கிறது என்றால், டயரின் பிடி முழுவதையும் அது ஏற்கெனவே பயன்படுத்திவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய கேலிப்பர் போட்டாலும் அதே தூரம்தான். உங்கள் நண்பர் உணர்வது, குறைவாக மிதித்தாலே அதிகம் பிடிப்பதை. கூடவே புது டயர் போட்டாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பெரிய பிரேக்கால் பலன் திரும்பத் திரும்ப மிதிக்கும்போதுதான். அதாவது சூடு. கோத்தகிரிக்காரரின் கேஸ் அசல் சூட்டுக் கேஸ் என்பதால் ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எனக்கும் பொழுது போகும்.

ஆட்களும் கேரட்டும் சேர்த்து வண்டி 1,500 கிலோ என்று வைப்போம். கூடுதலாகவே இருக்கலாம். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்தினால் பிரேக் விழுங்கும் ஆற்றல் சுமார் 580 கிலோஜூல். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர். உயர வித்தியாசம் 1,475 மீட்டர். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 21,700 கிலோஜூல் வருகிறது. கியரை நியூட்ரலில் போட்டு முழுக்கப் பிரேக்கிலேயே இறங்கினால், 100-லிருந்து சுமார் 37 தடவை விடாமல் நிறுத்தியதற்குச் சமம். அதுவும் மலையிறக்கத்தில் வேகம் குறைவு, காற்று அடித்து ஆற வழியில்லை.

ஒரே ஒரு நிறுத்தத்துக்கு டிஸ்க் எவ்வளவு சூடேறும்? 70 சதவீதச் சுமை முன்பக்கம், டிஸ்க் ஒன்று 6 கிலோ என்று வைத்தால், வார்ப்பிரும்பின் வெப்பக் கொள்ளளவுப்படி ஒரு நிறுத்தத்துக்கு 70 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. டிஸ்க் 8 கிலோ என்றால் 55. பெரிய டிஸ்க்கால் கிடைப்பது இதுதான், இது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் இரண்டாவது கியரில் இறங்கினால் அந்த 21,700-இல் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மலைப்பாதை நெடுக இரண்டாவது கியர் பலகை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை.

எந்த கியரில் இறங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவேயில்லை.

கோத்தகிரி_இறக்கம்

மூன்று, சில இடத்தில் நாலு சார். டீசலாச்சே, இரண்டில் போட்டால் கத்துகிறது.

இயற்பியல்_வாத்தியார் | ஈரோடு

கத்தட்டும். முள் சிவப்புக் கோட்டுக்குள் போகாதவரை எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது.

பத்து_எம்எம்_ஸ்பானர் | சென்னை

டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் எஞ்சினை ஆஃப் செய்பவர்களும் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: டிடிஐ-யில், நம் மிதியைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டருக்கு வேக்கம் (வெற்றிடம்) கொடுக்கும் பம்ப் எஞ்சினால்தான் ஓடுகிறது. ஆஃப் செய்தால் சில மிதியோடு பூஸ்டர் காலி.

நெக்கார்_கரை | ஸ்டுட்கார்ட்

வணக்கம். இந்தத் தளத்து வண்டிகள் என் பொழுதுபோக்கு. கோல்ஃப் 4, போரா, ஆக்டேவியா முதல் தலைமுறை, ஆடி ஏ3 முதல் தலைமுறை, டிடி முதல் தலைமுறை, சீட் லியோன் எல்லாம் ஒரே அடித்தளம். வீலுக்கு ஐந்து போல்ட், அவை நிற்கும் வட்டம் 100 மில்லிமீட்டர். இதுவரை உக்கடத்துக்காரர் சொன்னது உண்மை.

விஷயம் அதற்கு அப்புறம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் முன் டிஸ்க் 256, 280, 288, 312 மில்லிமீட்டர் விட்டம் என்று பல அளவில் வந்தது. 280-க்கும் 288-க்கும் வித்தியாசம் எட்டே மில்லிமீட்டர். ஆனால் குடும்பம் அங்கே இரண்டாகப் பிரிகிறது. சின்ன டிஸ்க் வண்டிகளில் கேலிப்பரைத் தாங்கும் கேரியர் தனியாக இருக்காது, நக்கிளோடு (வீலைத் தாங்கும் வார்ப்புத் துண்டு) ஒரே வார்ப்பாக வந்திருக்கும். கேலிப்பர் நேரே நக்கிளில் சறுக்கும். 288, 312 வண்டிகளில் கேரியர் தனித் துண்டு. நக்கிளில் இரண்டு பெரிய போல்ட்டில் நிற்கும். கேலிப்பரின் மாடல் பெயரும் மாறும்: சின்னதில் எஃப்எஸ்3, பெரியதில் எஃப்என்3.

அதனால் முன் வீலைக் கழற்றி, கேலிப்பருக்குப் பின்னால் கை விட்டுப் பாருங்கள். நக்கிளில் இரண்டு பெரிய போல்ட் தலை தட்டுப்பட்டால் நல்ல காலம். டிடி கேரியரும் 312 டிஸ்க்கும் மாற்றினால் வேலை முடிந்தது. கேலிப்பரைக்கூட மாற்ற வேண்டாம். 288-க்கும் 312-க்கும் ஒரே எஃப்என்3 கேலிப்பர், ஒரே 54 மில்லிமீட்டர் பிஸ்டன், ஒரே பேட். கேரியர் மட்டும்தான் கேலிப்பரை 12 மில்லிமீட்டர் வெளியே தள்ளி வைக்கிறது. பெரிய போல்ட் இல்லை, வார்ப்பு நேராக நக்கிளில் போய்ச் சேர்கிறது என்றால், டிடி கேலிப்பரை வாங்கி அலமாரியில்தான் வைக்க வேண்டும். நக்கிளையே மாற்ற வேண்டிவரும்.

312 டிஸ்க்குக்கு 16 இன்ச் வீல் வேண்டும். 15-க்குள் நுழையாது. 16-இலும் சில அலாய்களின் ஸ்போக் உட்பக்கம் கேலிப்பரில் உரசும், போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஸ்கோடா லாரா காரிலிருந்து 312 டிஸ்க் கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அதுவும் 25 மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனால் போல்ட் வட்டம் 112. பொருந்தாது.

ஷா_ஆலம்_வீரா | மலேசியா

படிக்கப் படிக்க எங்கள் ஊர் ஞாபகம் வருது அண்ணே. இங்கே புரோட்டோன் வீரா வைத்திருந்தவன் எல்லாம் ஒரு காலத்தில் எவோ 3 பிரேக்குக்காக ஹாஃப்-கட் (பாதியாக அறுத்த பழைய கார்) கடை கடையாக அலைந்தவன்தான். வீரா மிட்சுபிஷி லான்சரின் உடம்பு, எவோவும் லான்சர்தான், அப்புறம் என்ன என்று நினைப்பு. கேலிப்பர் இரட்டைப் பிஸ்டன், டிஸ்க் 276. பார்க்க அம்சமாக இருக்கும்.

ஆனால் வீராவுக்கு வீல் துளை நாலு, எவோ 3-க்கு ஐந்து. சிலர் எவோ டிஸ்க்கில் புதிதாக நாலு துளை போட்டார்கள், பழைய ஐந்தும் அப்படியே இருக்க. சிலர் வீல் மாட்டும் ஹப்போடு சேர்த்து மாற்றினார்கள், பிறகு பின்னால் நாலு துளை, முன்னால் ஐந்து துளை, ஸ்டெப்னி எதற்கு என்றே தெரியாது. என் சித்தப்பா பையன் வண்டியில் துளை போட்ட டிஸ்க் மையம் விலகி, ஸ்டீயரிங் எப்போதும் நடுங்கும். கடைசியில் ஹப், நக்கிள், ஷாஃப்ட் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து செட்டாக எடுத்துப் போட்டவன்தான் நிம்மதியாக ஓட்டினான்.

செட்டாக எடுங்கள். அவ்வளவுதான் என் கருத்து.

மஞ்சள்_கேலிப்பர் | திருப்பூர்

சரி, பேட்டும் ஒன்று, பிஸ்டனும் ஒன்று என்றால் அப்படி என்ன அப்கிரேட்? நாலு பிஸ்டன் கேலிப்பர் போடலாமே. சென்னைப் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் கிடைக்கும். கோவையில் லேத்துக்கா பஞ்சம், பிராக்கெட் அடித்துவிடலாம்.

இயற்பியல்_வாத்தியார் | ஈரோடு

நாலு பிஸ்டன் என்றால் நாலு மடங்கு என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. நிலையான கேலிப்பரில் இருபக்கமும் பிஸ்டன் இருக்கும், கணக்குக்கு ஒரு பக்கத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும். சறுக்கும் கேலிப்பரில் ஒரே பிஸ்டன் தள்ள, கேலிப்பரே நகர்ந்து மறுபக்கத்துப் பேட்டை இழுத்து அழுத்துகிறது. ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒரு பக்கம் ஒப்பிடலாம்.

54 மில்லிமீட்டர் பிஸ்டனின் பரப்பு 2,290 சதுர மில்லிமீட்டர். போர்ஷே பாக்ஸ்டர் 986-இன் முன் கேலிப்பரில் ஒரு பக்கத்துக்கு 36, 40 என்று இரண்டு. கூட்டினால் 2,275. கிட்டத்தட்ட அதேதான்! கோல்ஃப் 4-இல் பாக்ஸ்டர் கேலிப்பர் மாட்டுபவர்கள் மாஸ்டர் சிலிண்டரைத் தொடாமல் தப்பிப்பது இதனால்தான். லான்சர் எவோவின் பிரெம்போவை எடுத்தால் 40, 46. கூட்டினால் 2,919. இது 27 சதவீதம் அதிகம். அதே மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டால் முன்பக்கத்துக்குத் தேவையான ஆயில் அந்த அளவு கூடும், பெடல் கூடுதலாக இறங்கும். பிடியும் முன்பக்கம் 27 சதவீதம் கூடும், பின்பக்கம் பழையபடியே கிடக்கும். தொழிற்சாலையில் முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போட்டு வைத்ததை நீங்கள் கலைக்கிறீர்கள்.

டிடி செட்டில் பிஸ்டன் மாறவில்லை என்பதுதான் அதன் அழகே. பேட் அழுத்தும் இடத்தின் சராசரி ஆரம் மட்டும் வெளியே போகிறது. தோராயமாக 280-இல் 114 மில்லிமீட்டர், 288-இல் 118, 312-இல் 130. அதாவது 280-லிருந்து 288-க்குப் போனால் மூன்றரை சதவீதம், 312-க்குப் போனால் 14 சதவீதம். பெடல் உணர்வு கெடாமல் கிடைக்கும் லாபம்.

பத்து_எம்எம்_ஸ்பானர் | சென்னை

லேத் பிராக்கெட் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கோவை லேத்காரர்கள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமே இல்லை. அவர்கள் கையில் நாம் என்ன வரைபடம் கொடுக்கிறோம், என்ன இரும்பு கொடுக்கிறோம் என்பதுதான் பிரச்சினை. 6 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் தகட்டை காஸ் கட்டரில் அறுத்து, பழைய கேரியரின் காதில் வெல்ட் வைத்து மாட்டிய வண்டியைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். கேரியர் வார்ப்பிரும்பு. வெல்ட் பக்கத்திலேயே முடி மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது. விரலால் தடவினால் தெரியாது, கெரசின் தடவித் துடைத்துச் சாக்பீஸ் பொடி போட்டதும் கோடு எழுந்து வந்தது. ஓனர் அதோடு ஏற்காடு போய்வந்திருக்கிறார்.

பிரேக் விஷயத்தில் வெல்ட் கிடையாது. பிராக்கெட் செய்தே தீருவேன் என்றால் முழுத் துண்டு இஎன்24 இரும்பில் கடைந்து, 10.9 தர போல்ட் போட்டு, கேலிப்பர் டிஸ்க்குக்கு இணையாக நிற்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்துச் செய்ய வேண்டும். அதற்கு ஆகும் செலவில் அசல் நக்கிள் ஒரு செட் வந்துவிடும்.

கோத்தகிரி_இறக்கம்

ஸ்டுட்கார்ட் அண்ணா சொன்னபடி வீலைக் கழற்றினேன். டிஸ்க் 280, தடிமன் 22. பின்னால் பெரிய போல்ட் இல்லை. கேரியர் நக்கிளோடு ஒரே வார்ப்பு. போட்டோ போட்டிருக்கிறேன். கடைக்காரரிடம் காட்டினேன், நக்கிளும் பார்த்துத் தருகிறேன் என்கிறார், விலை மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார்.

288 செட் போட்டால் 15 இன்ச் வீலே போதும் என்கிறார்களே, அது போதாதா?

நெக்கார்_கரை | ஸ்டுட்கார்ட்

போட்டோ பார்த்தேன், சந்தேகமே இல்லை, எஃப்எஸ்3.

288-க்காக நக்கிளைக் கழற்றாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். பேரிங் அமுக்க வேண்டும், பால் ஜாயின்ட் கழற்ற வேண்டும், அலைன்மென்ட் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு மூன்றரை சதவீதமா? டிஸ்க் தடிமன் 22-லிருந்து 25 ஆகும், அது கொஞ்சம் சூட்டுக்கு உதவும், அதோடு சரி. நக்கிள் வரை போனால் 312-க்கே போய்விடுங்கள். வீல் 16 இன்ச், டயர் 205/55. உங்களுடைய 195/65 15-உடன் ஒப்பிட்டால் மொத்த விட்டத்தில் மூன்று மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது.

இல்லையென்றால் 280-யிலேயே நல்ல பேட், புது ஆயில், புது ரப்பர் ஹோஸ் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். இருபது வருட ஹோஸ் அழுத்தத்தில் உப்பும், பெடல் பஞ்சாக இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

தேயிலைத்_தூள் | குன்னூர்

உக்கடம் கேலிப்பரைப் பற்றி யாரும் பேசவில்லையே. இருபதாயிரம் கேட்கிறார் என்றால் அதை எப்படிப் பார்த்து வாங்குவது?

பத்து_எம்எம்_ஸ்பானர் | சென்னை

நல்ல கேள்வி. பெயின்ட் அடித்திருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். பிரபலமான பெயரை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். வார்ப்பில் எழுத்து எழுந்து நிற்க வேண்டும்.

டஸ்ட் பூட் என்கிற ரப்பர் உறையை உரித்து, பிஸ்டனைக் கொஞ்சம் வெளியே தள்ளச் சொல்லுங்கள். காற்றடித்துத் தள்ளினால் முன்னால் ஒரு மரக்கட்டை வைத்து, விரலை எடுத்துவிடுங்கள், பிஸ்டன் துப்பாக்கி மாதிரி பாயும். பிஸ்டனின் பளபளப்பில் துருப் புள்ளி இருந்தால் அது சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். எமரி வைத்துத் தேய்த்துச் சரி செய்கிறேன் என்பார்கள், வேண்டாம், புதுப் பிஸ்டன் போடுங்கள். சீல் கிட் எப்படியும் புதிது. அந்தச் சதுரச் சீல்தான் பெடலை விட்டதும் பிஸ்டனைத் துளி உள்ளே இழுத்துக்கொள்கிறது. அது இறுகிப்போனால் பேட் எப்போதும் டிஸ்க்கில் உரசியபடி சூடேற்றும். உங்கள் இப்போதைய கேலிப்பரிலேயே அது நடந்துகொண்டிருக்கலாம். ஜாக்கி வைத்து முன் வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுற்றுகிறதா என்று.

கேலிப்பர் சறுக்கும் தண்டையும் உருவிப் பாருங்கள். அதற்கும் சீலுக்கும் ரப்பருக்கு ஏற்ற கிரீஸ்தான். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

இடது வலது மாற்றித் தந்துவிடுவார்கள். மாட்டியபின் காற்றெடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் பக்கம் மாறிவிட்டது. காற்று மேலேயே தங்கிவிடும், விடிய விடிய ஏர் எடுத்தாலும் பெடல் வராது. நாலு பிஸ்டனில் இன்னொரு சங்கதி: சின்னப் பிஸ்டன் டிஸ்க் சுற்றி நுழையும் பக்கம் இருக்க வேண்டும். பக்கம் மாறினால் பேட் ஆப்பு மாதிரி சாய்வாகத் தேயும்.

ஹோஸ் புரி அளவும் பார்க்க வேண்டும். எம்10-லேயே 1.0 புரி, 1.25 புரி இரண்டும் உண்டு. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். அதை ஸ்பானர் போட்டு ஏற்றிவிட்டால் கேலிப்பர் போச்சு. பாஞ்சோ போல்ட் (ஆயில் ஓடத் துளையுள்ள போல்ட்) இருந்தால் தாமிர வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது.

கொங்கு_வக்கீல் | சேலம்

சட்டப் பக்கம் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்ன அசலுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அசல் அளவுக்கு முரணான மாற்றத்தைப் பதிவு செய்ய முடியாது என்று அதையே வலியுறுத்தியது. ஆர்சி-யில் கேலிப்பருக்கு ஒரு கட்டம் கிடையாது என்பதால் பலர் இதைப் பற்றி நினைப்பதேயில்லை. ஆனால் விபத்து என்று வந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வீலைக் கழற்றிப் பார்த்தால் கதை வேறு. இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்து, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை நிற்காது.

நெக்கார்_கரை | ஸ்டுட்கார்ட்

இங்கே டியூஃப் என்கிற வாகனச் சோதனை அமைப்புக்காரரிடம் வண்டியைக் காட்டி, ஆவணத்தில் ஏற்றாமல் ஓட்டவே முடியாது. அதே தளத்தின் அசல் பாகம் என்றால் எண்ணைக் காட்டிப் பேசலாம். லேத் பிராக்கெட் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

மஞ்சள்_கேலிப்பர் | திருப்பூர்

முன்னால் 312 போட்டால் பின்னாலும் பெரிதாக்க வேண்டாமா? டிடி குவாட்ரோவில் பின்னால் 256, காற்றுக் கண் வைத்த டிஸ்க் இருக்கிறதே.

இயற்பியல்_வாத்தியார் | ஈரோடு

நல்லவேளை கேட்டுவிட்டுச் செய்கிறீர்கள். பின்பக்கத்தைச் சும்மா பெரிதாக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின் டயர் லேசாகிறது. பின் வீல் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுற்றிவிடும். முன் வீல் முதலில் பூட்டினால் நேராகப் போகும், திரும்பாது, ஆனால் சுற்றாது. அதனால்தான் ஐரோப்பிய விதி முன் வீல் முதலில் பூட்டும்படி வடிவமைக்கச் சொல்கிறது. ஏபிஎஸ் காப்பாற்றும், ஆனால் ஏபிஎஸ் ஃப்யூஸ் போன அன்று அது காப்பாற்றாது. முன்னால் 14 சதவீதம் கூடுவது எல்லைக்குள்தான். பின்னால் நல்ல பேட் போட்டு விட்டுவிடுங்கள்.

கோத்தகிரி_இறக்கம்

போய்வந்தாயிற்று. டாட் 4 முழுக்க மாற்றினோம், பின் வீலிலிருந்து வந்தது கிட்டத்தட்ட கறுப்பு. முன் ஹோஸ் இரண்டும் புதிது. வலது முன் வீல் இறுகிச் சுற்றியது உண்மைதான், சறுக்கும் தண்டில் துரு. துடைத்து, கிரீஸ் வைத்து, சீல் கிட்டும் போட்டாயிற்று. இறங்கும்போது அரவேணுவிலிருந்தே இரண்டாவது கியர். மனைவி எஞ்சின் சத்தத்துக்கு முகம் சுளித்தாள். குஞ்சப்பனையில் பெடல் காலையில் வீட்டில் இருந்த அதே உயரத்தில் இருந்தது. கருகல் வாடை லேசாக மட்டும்.

ஆனாலும் 312 ஆசை விடவில்லை. நக்கிள், கேரியர், கேலிப்பர் மூன்றும் ஒரே வண்டியிலிருந்து கழற்றிய செட் ஒன்று பெங்களூரில் கிடைத்திருக்கிறது. 16 இன்ச் வீல் கோவையிலேயே பேசி முடித்தேன். உக்கடத்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று, கொஞ்சம் கோபம். போல்ட்டுகளை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அளவுகளை யாராவது சொல்ல முடியுமா? பட்டறைக்காரர் கைக் கணக்கில்தான் முறுக்குவார்.

நெக்கார்_கரை | ஸ்டுட்கார்ட்

கேரியரை நக்கிளோடு பிடிக்கும் போல்ட் 125 நியூட்டன் மீட்டர். கேலிப்பர் சறுக்கும் தண்டு 28, இங்கேதான் பலர் வெறியோடு முறுக்கி புரியைப் பிடுங்குவார்கள். வீல் போல்ட் 120. முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறை என்றால் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

ஹப் நட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், இரண்டும் புதிது. ஹப் முகத்தில் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்துவிட்டு டிஸ்க்கை வையுங்கள். அங்கே ஒரு துருச் செதில் மாட்டினால், டிஸ்க் தள்ளாடி, சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பிக்கும். எல்லோரும் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள்.

பத்து_எம்எம்_ஸ்பானர் | சென்னை

மாட்டிய அன்றே கோத்தகிரி போகாதீர்கள். காலியான ரோட்டில் 80-லிருந்து 20 வரை, முழுக்க நிறுத்தாமல், மிதமாக மிதித்து மிதித்துப் பேட்டைப் பதியவிடுங்கள். நடுவில் ஆற நேரம் கொடுங்கள். சூடாக இருக்கும்போது மிதித்தபடி நின்றுவிடக் கூடாது, பேட்டின் அச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும்.

கோத்தகிரி_இறக்கம்

சரி அண்ணா. ஹப் நட் சொல்லி வைத்துவிட்டேன், நாளை வரும். செட் லாரியில் ஏறிவிட்டது. 280 டிஸ்க்கும் எஃப்எஸ்3 கேலிப்பரும் நல்ல நிலையில் இருக்கிறது, சீல் புதுசு. யாருக்காவது வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், கொரியர் செலவு மட்டும் கொடுத்தால் போதும்.